ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி விரலி மஞ்சளை உடைக்காமல் அப்படியே மிக்சியில் போட்டுவிட்டார். படக்கென்று நின்றுவிட்டது. வாங்கி எட்டு மாதம்தான். நான் போனபோது பேரன் ஸ்க்ரூடிரைவரோடு வளவில் உட்கார்ந்திருந்தான். "பொறு தம்பி" என்றேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்சிகளின் அடியில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். மோட்டார் நன்றாக ஆறட்டும். ஜாரில் இருப்பதைக் குறைத்துவிட்டுப் பொத்தானை உள்ளே அழுத்துங்கள். ஆச்சியின் மிக்சி அதிலேயே ஓடியது. இதனால் வாரண்டிக்குப் பங்கம் இல்லை.

அதற்கும் அசையவில்லையா? வாரண்டி அட்டையில் 'இவற்றுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் வரும் பகுதியைப் படியுங்கள். அங்கீகாரம் பெறாதவர் திறந்தால் வாரண்டி செல்லாது என்று பல அட்டைகளில் இருக்கும். மொத்தத்துக்கு 2 ஆண்டு, மோட்டாருக்கு மட்டும் 5 ஆண்டு என்று தனிக்கணக்கும் சிலவற்றில் உண்டு. அவசரப்பட்டுத் திருகைக் கழற்றினால் அந்த ஐந்தாண்டும் சிக்கலாகும்.

'கிழித்தால் வாரண்டி செல்லாது' என்று திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்கு மதிப்பே இல்லை என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் அமெரிக்கக் கதையைச் சொல்கிறார்கள். அங்கே 1975-இல் வந்த வாரண்டிச் சட்டத்தைக் காட்டி 2018-இல் 6 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அந்தச் சட்டம் காரைக்குடி சர்வீஸ் சென்டரில் செல்லாது. ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள்.

லேப்டாப்பில் ராம் (RAM) என்னும் நினைவகத்தைக் கூட்டுவது வேறு. நிறுவனமே கையேட்டில் படம் போட்டு விளக்கியிருந்தால் துணிந்து செய்யலாம். செய்கையில் எதையாவது உடைத்தால் செலவு உங்களுடையது.

வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திறந்ததற்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான பில்லின் எழுத்து சூட்டில் மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள். ஐந்தொகை போட்டுக் கணக்கு எழுதிய குடும்பம், ஆச்சி பில்லைத் தொலைக்கவில்லை. அடுப்பங்கரை அலமாரியிலிருந்து பத்திரமாக எடுத்து வந்தார், வெறும் வெள்ளைத்தாளாக.