விண்டோஸ் பேக்கப்பை லினக்ஸில் திறந்து கோப்புகளை எடுப்பது எப்படி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன்பின் பழைய கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றியவர்களுக்கு வரும் முதல் தலைவலி, பழைய பேக்கப் டிஸ்க்தான். பேக்கப் எடுத்த விண்டோஸ் இல்லை, அதன் ‘ரீஸ்டோர்’ பொத்தானும் இல்லை. ஆனாலும் விண்டோஸ் எடுத்துவைக்கும் மூன்று வகைப் பேக்கப்புகளையும் லினக்ஸில் திறக்கலாம். கோப்புகள் பெரும்பாலும் கெடுவது பேக்கப்பில் இல்லை. அவசரப்பட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பிரித்துக் கொட்டும்போதுதான்.

முதல் வேலை, பேக்கப் டிஸ்க்கை எழுத முடியாதபடி இணைப்பது. ‘டிஸ்க்ஸ்’ செயலியில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரக் குறியில் ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’ சென்று, விருப்பங்களின் வரிசையில் காற்புள்ளி இட்டு ro என்ற இரண்டு எழுத்துகளை (‘படிக்க மட்டும்’ என்று பொருள்) சேருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸில் முறையாக ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கிய டிஸ்க்கில் ‘சுத்தமில்லை’ என்ற அடையாளம் பதிந்திருக்கும். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 5.15 பதிப்பில் வந்த, விண்டோஸ் டிஸ்க்குகளைக் கையாளும் என்டிஎஃப்எஸ்3 டிரைவர், அப்படிப்பட்ட டிஸ்க்கை எழுதும் முறையில் இணைக்க மறுக்கும். படிக்க மட்டும் என்றால் இணைத்துவிடும். இணைக்க மறுத்ததும் இணையத்தில் தேடி ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். அது டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்குக்கு ஈடானதல்ல, டிஸ்க்கில் எழுதவும் செய்யும். கையில் இருப்பது ஒரே பிரதி என்றால் அதைத் தொடவே கூடாது.

டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், ஃபைல் மேனேஜரில் அதைச் சொடுக்கியதும் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல் மறந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை, ஆறு ஆறு இலக்கமாக நடுவில் கோடுகளோடு, அதே இடத்தில் இடலாம்.

அடுத்து, எந்த வகைப் பேக்கப் என்று பாருங்கள். டிஸ்க்கில் ‘ஃபைல்ஹிஸ்டரி’ என்ற ஃபோல்டர் இருந்தால் வேலை சுலபம். ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ இருந்தால் அது முழு டிரைவின் படிமம். கணினியின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும், அதற்குள் ‘பேக்கப் செட்’ என்று தேதியோடு தொடங்கும் ஃபோல்டர்களும் இருந்தால், அது விண்டோஸ் 7 காலத்துப் பேக்கப். அந்தக் கருவி விண்டோஸ் 10இலும் இருந்ததால் அண்மைக்கால டிஸ்க்குகளிலும் இதைக் காணலாம். மிகக் கவனமாகக் கையாள வேண்டியதும் இதுதான்.

ஒவ்வொரு ‘பேக்கப் செட்’டும் ஒரு முழுப் பேக்கப்பில் தொடங்கும். அதற்குள் ‘பேக்கப் ஃபைல்ஸ்’ என்று தேதியிட்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும்: முதலாவதில் எல்லாம், அடுத்தடுத்தவற்றில் மாறியவை மட்டும். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட ஜிப் கோப்புகள், சுமார் 200 எம்பி அளவில். 100 ஜிபி பேக்கப்பில் ஏறத்தாழ 500 ஜிப்புகள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கேட்டலாக்ஸ்’ ஃபோல்டர் நமக்குத் தேவையில்லை.

எல்லா ஜிப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே இடத்தில் பிரித்து, ‘இருக்கிறதே, மாற்றவா?’ என்று கேட்டால் ‘எல்லாம் ஆம்’ என்பதுதான் பலரும் செய்வது. பெரிய கோப்புகள் போவது அங்கேதான். 200 எம்பியைத் தாண்டும் வீடியோ, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு போன்றவற்றை விண்டோஸ் துண்டுகளாக்கி அடுத்தடுத்த ஜிப்புகளில் வைக்கிறது. எல்லாத் துண்டுகளுக்கும் பெயரும் பாதையும் ஒன்றே. மேலே மேலே எழுதினால் கடைசித் துண்டு மட்டும் மிஞ்சும்.

ஆகவே ஒரு தேதிக்குரிய ஜிப்புகளை, ஒவ்வொன்றும் தன் பெயரிலான தனி ஃபோல்டரில் விழும்படி பிரியுங்கள். பீஜிப் செயலியில் ‘புதிய ஃபோல்டரில் பிரி’ என்ற தெரிவு உண்டு. கோப்புகளை எடுத்துவைக்கும் டிஸ்க்கில் பேக்கப்பின் அளவைப்போல் இருமடங்கு இடம் இருக்கட்டும். பிறகு, அடுத்தடுத்த ஃபோல்டர்களில் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வரும் கோப்புகளைத் தேடுங்கள். அந்தத் துண்டுகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டு, டெர்மினலில் ‘கேட்’ (cat) கட்டளைக்குப் பின் துண்டுகளை வரிசையாகக் கொடுத்து, > அடையாளம் இட்டு, புதுப் பெயரைக் கொடுத்தால் முழுக் கோப்பு கிடைக்கும். 1, 2 என்று ஒற்றை இலக்கத்தில் எண்ணிட்டால் அகரவரிசையில் 9க்கு முன் 10 வந்து, வீடியோ நடுவில் சிதறும். இணைத்த கோப்பின் அளவு, துண்டுகளின் கூட்டுத்தொகைக்குப் பைட் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

இது முடிந்தபின் அந்தத் தேதியின் ஃபோல்டர்களை ஒன்றாக்குங்கள். அடுத்த தேதியைப் பழையதிலிருந்து புதியதாக அதன்மேல் வைக்கும்போதுதான் ‘மாற்றவா?’ என்பதற்கு ‘ஆம்’ சொல்ல வேண்டும். இடையில் நீங்கள் அழித்த கோப்புகளும் திரும்ப வந்து நிற்கும், அது இயல்பு.

ஃபைல் ஹிஸ்டரியில் ஜிப் கிடையாது. பயனர் பெயர், கணினிப் பெயர், ‘டேட்டா’, டிரைவ் எழுத்து என்று உள்ளே போனால் கோப்புகள் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஆண்டு, மாதம், நாள், நேரம் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். ஆண்டு முன்னால் வருவதால் பெயர்வாரியாக அடுக்கினாலே புதியது கடைசியில் நிற்கும். நேரம் உலகப் பொது நேரம். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். இரவு 19_00 என்றிருப்பது நமக்கு நள்ளிரவு தாண்டி, மறுநாள் தொடக்கத்தில் 12.30. வேண்டிய பதிப்புகளை வேறிடத்தில் நகலெடுத்தபின், துனார் ஃபைல் மேனேஜரின் ‘பல்க் ரீநேம்’ கருவியில் பெயரின் பின்னாலிருந்து 26 எழுத்துகளை நீக்கச் சொன்னால் முத்திரை போய்விடும் (அடைப்புக்கு முந்தைய இடைவெளியும் அதில் அடக்கம்). தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் செய்தால் பத்துப் பதிப்புகள் ஒரே பெயருக்கு முட்டிக்கொள்ளும்.

படிம வகையில், விண்டோஸ் 7 என்றால் விஎச்டி, 8 முதல் விஎச்டிஎக்ஸ் என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்புகள் கிடக்கும். பெரும்பாலும் மிகப் பெரியதுதான் சி டிரைவ். மெய்நிகர் கணினிகளுக்கான குவெமு கருவித்தொகுப்பிலுள்ள ‘குவெமு-இமேஜ்’ (qemu-img) மூலம் அதை ‘ரா’ வடிவத்துக்கு மாற்றி, டிஸ்க்ஸ் செயலியில் ‘அட்டாச் டிஸ்க் இமேஜ்’ கொடுத்தால் சாதாரண டிரைவைப்போலத் திறக்கும். ரா கோப்பு முழு டிரைவின் அளவைக் காட்டினாலும், லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 வடிவ டிஸ்க்கில் தரவு உள்ள அளவுக்கே இடம் பிடிக்கும்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளில் ஒரு சிக்கல் தனியாக வரும். விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 எழுத்துக் குறிகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட்டுகளை. லினக்ஸ் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 வகை யுனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஆக 85 குறிகள்தான். ‘கு’ என்பதே இரண்டு குறி. நீளமான கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்திருந்தால் ‘பெயர் மிக நீளம்’ என்று அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு நகல் முடிந்துவிடும். பிழைப் பட்டியலைப் பார்த்து, அவற்றைப் பேக்கப்பிலிருந்தே திறந்து சுருக்கமான பெயரில் சேமியுங்கள்.

மீட்ட வேர்டு கோப்பு ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது அது. கோப்பு நன்றாகவே இருக்கும், எழுத்துருதான் இல்லை. படிமப் பேக்கப் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்பதில் அந்த எழுத்துரு இருக்கும். அதை நகலெடுத்து, இருமுறை சொடுக்கி நிறுவிவிட்டு லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால், எழுத்துகள் தமிழில் வந்துவிடும்.