கையைத் திருப்பினால் பிடி நழுவிய சிக்கல்: என் அனுபவம்

வெப்கேமராவும், படத்தில் கையின் மூட்டுகளையும் விரல்நுனிகளையும் எண்ணிட்ட புள்ளிகளாகக் கண்டறிந்து தரும் மீடியாபைப் என்ற மென்பொருளும் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் திரையில் இருக்கும் பொருளைப் பிடிப்பது போல எழுதியிருந்தேன். பிடிப்பது சரியாக நடந்தது, ஆனால் பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பினால் பொருள் கீழே விழுந்துவிடும். நான்கு நாள் இதிலேயே போனது.

முதலில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கைக் கூட்டினேன், பிறகு நம்பக அளவை (தெரிவது கைதான் என்று ஏற்க மென்பொருளுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுதி) 0.5-லிருந்து 0.8-க்கு ஏற்றினேன், அதில் கையே அடிக்கடி காணாமல் போனது. புள்ளிகளின் நடுக்கத்தைக் குறைக்க சராசரி எடுத்தேன். பொருள் அப்போதும் விழுந்தது, கொஞ்சம் தாமதமாக.

கடைசியில் 4 (கட்டைவிரல் நுனி), 8 (ஆள்காட்டி விரல் நுனி) என்ற இரண்டு புள்ளிகளின் எக்ஸ், ஒய் மதிப்புகளையும் அவற்றிடையே கணக்கிட்ட தூரத்தையும் அப்படியே திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். விரல்களுக்கு இடையே அதே 36 பிக்சல்தான், கிடைமட்டமாக இருந்தால் 0.056, செங்குத்தாக இருந்தால் 0.075. தூரம் இதற்குள் இருந்தால்தான் பிடி என்று நான் வைத்த எல்லை 0.06. எக்ஸ் மதிப்பு படத்தின் அகலத்தாலும் (640), ஒய் மதிப்பு உயரத்தாலும் (480) வகுக்கப்பட்டு வருகிறது, நான் இரண்டையும் ஒரே அளவுகோலாக எடுத்துக்கொண்டு தூரம் கணக்கிட்டிருக்கிறேன்.

எக்ஸை 640-ஆலும் ஒய்யை 480-ஆலும் பெருக்கிவிட்டு தூரம் எடுத்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் அந்தத் தூரத்தை மணிக்கட்டிலிருந்து (புள்ளி 0) நடுவிரல் அடி வரையுள்ள (புள்ளி 9) நீளத்தால் வகுத்தேன், கை கேமராவுக்கு அருகே வந்தாலும் விலகினாலும் பிடி இப்போது நழுவுவதில்லை. பிடிக்க ஒரு எல்லை, விட அதைவிடச் சற்றுப் பெரிய எல்லை என்று தனித்தனியாக வைத்ததில் எல்லையருகே பிடிப்பதும் விடுவதுமாக மிச்சமிருந்த துடிப்பும் நின்றது.