ஹம் கோயிலுக்குப் போகிறவர்கள் சோஸ்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் ஜேர்மனிக்குப் போகிற அம்மா அப்பாமார் பெரும்பாலும் பார்ப்பது பிள்ளைகளின் வீடு, ஹம் காமாட்சி அம்பாள் கோயில், ஒரு தமிழ்க் கடை, அவ்வளவுதான். கோயில் வரைக்கும் போனால் இன்னொரு பகலை ஒதுக்கி, பக்கத்திலுள்ள சோஸ்டுக்கும் போங்கள். 50,000 பேர்கூட இல்லாத ஊர், முழுக்க நடந்தே பார்க்கலாம்.

ஹம்மில் உள்ளூர் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம், டோர்ட்முண்டிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. ஸ்டேஷனுக்கு முன்னாலேயே பழைய நகரம் தொடங்கிவிடுவதால் டாக்சி தேவையில்லை. ஆனால் ஒழுங்கைகள் கல் பதித்தவை, செருப்போடு நடந்தால் கால் பிரளும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் வீசன்கிர்ஹ தேவாலயத்துக்குப் போங்கள், அதன் வேலை 1313 இல் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை முருகைக்கல்லில் கட்டிய மாதிரி, இந்த ஊர்க்காரர் தங்கள் நிலத்தில் கிடைத்த பச்சை மணற்கல்லிலேயே கோயில், மதில் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். மெதுவான கல் என்பதால் மழையும் பனியும் அரித்துக்கொண்டே இருக்கும், திருத்த வேலைக்குச் சாரம் கட்டியிருந்தாலும் திரும்பிவிடாதீர்கள், உள்ளே போங்கள். வடக்கு வாசலுக்கு மேலே ஒரு வண்ணக் கண்ணாடி யன்னல் இருக்கிறது, 1500 ஆம் ஆண்டளவில் செய்தது. யேசுவின் கடைசி இராப்போசனம்தான், ஆனால் மேசையில் இருப்பது அந்த ஊர்ச் சாப்பாடு: பன்றியிறைச்சி, பியர், கறுப்புப் பாண். அண்ணாந்து ஆறுதலாகப் பாருங்கள், இதற்காகவே இந்த ஊருக்குப் போகலாம்.

அப்புறம் பட்ரோக்லி தேவாலயத்தின் பெரிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகளுக்கு நடுவால் கிழக்கே நடந்தால் ஒஸ்ட்ஹோஃபன் வாசல் வரும், பழைய நகர வாசல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். மதிலில் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது, அதன் மேலேயே மர நிழலில் நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சத் தூரம் நடந்தாலே போதும், ஒரு பக்கம் வீட்டுத் தோட்டங்கள், மறுபக்கம் புல் வளர்ந்த அகழி, நல்ல வடிவு.

பசித்தால் பேக்கரியில் பம்பர்நிக்கல் கேளுங்கள். றை என்ற தானியத்தின் மாவில் செய்து, குறைந்த சூட்டில் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் வேகவைக்கிற பாண் இது. மெல்லியதாக வெட்டி பட்டர் பூசிச் சாப்பிடவேண்டும். சில சின்னக் கடைகளில் காட் எடுக்கமாட்டார்கள், கையில் கொஞ்சம் யூரோ காசு வைத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, காலையில் தேவாலயத்தில் பூசையும் நடக்கும், அதனால் கிழமை நாளில் போவதுதான் வசதி. பேரப்பிள்ளைகளோடு போவதென்றால் நவம்பர் தொடக்கத்தில் போகலாம். சகல பரிசுத்தவான்கள் திருநாளை ஒட்டிப் பழைய நகரத்துக்குள்ளேயே 5 நாள் பெரிய களியாட்டம் நடக்கும், ராட்டினங்கள் தேவாலயச் சுவருக்குப் பக்கத்திலேயே சுற்றும். பின்னேரம் சனம் நெருக்கும், சின்னப் பிள்ளைகளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், தடித்த ஜக்கெட்டும் எடுத்து வையுங்கள்.