ஊரில் சைக்கிள் ஓட நினைப்பவர்கள் ரயர் வாங்குமுன்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களில் சிலர் சைக்கிளையும் பெட்டியில் கட்டிக் கொண்டு போகிறார்கள். சிலர் ஊரில் மச்சானுடைய பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். இரண்டு பகுதியினரும் கியர், பிரேக் எல்லாம் பார்ப்பார்கள். ரயரைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

ஏ9 வீதியும், சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி தாண்டி மன்னார்ப் பக்கம் போகும் ஏ32 வீதியும் நல்ல தார் வீதிகள். அங்கே எந்த ரயரும் ஓடும். ஆனால் சித்தி வீடு ஏ9 வீதியில் இல்லை, ஒழுங்கைக்குள் இருக்கிறது. தாரை விட்டு இறங்கினால் வலிகாமத்தில் கல்லு, வன்னியில் சிவப்புக் கிரவல், மணற்காட்டுப் பக்கம் காலே புதையும் மணல். ஆகவே 28 மி.மீ. பந்தய ரயரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 45 முதல் 50 மி.மீ. அகலம் நல்லது. சட்டகத்தில் இடம் இல்லாவிட்டால் 38க்குக் குறையாமல் பாருங்கள். மாரியில் போகிறவர்கள் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளியாவது விடவேண்டும். ஈரச் செம்மண் ஒட்டிக்கொண்டால் சில்லு சுற்றாது.

பெரிய பற்கள் உள்ள மலைச் சைக்கிள் ரயர் வேண்டியதில்லை. ஆடி மாதம் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் மிதிக்கும்போது சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். அதோடு ரயரும் தாரில் ‘கொர்ர்’ என்று இழுத்தால் வேலணைக்கு முன்னமே களைத்துப் போவீர்கள். நடுப்பகுதி தொடர்ச்சியாக மழமழப்பாகவும், ஓரத்தில் சிறு பற்களோடும் உள்ள ரயர் போதும்.

உண்மையான எதிரி கல்லு அல்ல, முள். நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் கிடக்கும். வேலி அடைக்கிற காலத்தில் ஒழுங்கையில் ஆணியும் முள்ளும் சேர்ந்தே சிதறும். இதற்குத்தான் உள்ளே தடித்த காப்புப் பட்டி உள்ள ரயர் வேண்டும். ஷ்வால்பே மரத்தான் பிளஸ் வகையில் ரப்பர்க் காப்பு ஏறக்குறைய 5 மி.மீ. தடிப்பு. பாரம்தான், ஓட்டமும் கொஞ்சம் மந்தம். இருந்தாலும் நடு வெயிலில் மாங்குளம் வீதியோரம் குந்தி ஒட்டுப் போடுவதை விட அந்தப் பாரத்தை இழுப்பது மேல் என்பேன். ரியூப் இல்லாத வகையைக் கொண்டு போகாதீர்கள். ஓட்டையை அடைக்க உள்ளே விடும் பால் வெக்கையில் கெதியாகக் காய்ந்துவிடும்; ஊர்க்கடையில் அது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மனி, சுவிஸ் கடைகளில் ‘28’ அங்குலம் என்று விற்கும் ரயர் 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கானது. ஊரில் அப்புமார் ஓடிய, இன்னும் ஓடுகிற பெரிய சைக்கிளின் ‘28 x 1½’ ரயர் 635. இரண்டும் 28தான், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. ‘26’இலும் அதே கதை: மலைச் சைக்கிள் 559, ஜப்பானிலிருந்து வரும் பழைய பெண்கள் சைக்கிள் 590. மச்சானுக்கு ரயர் வாங்கிப் போவதென்றால், பழைய ரயரின் பக்கத்தில் 40-635 என்பதுபோல (அகலம், ரிம் விட்டம்) இருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் சைக்கிளையே கொண்டு போவதென்றால் 559 சில்லு உள்ளதை எடுங்கள். சந்திக் கடையிலும் அதற்கு ரயர் தேடலாம். 622 என்றால் உதிரி ஒன்றை நீங்களே கொண்டு போங்கள், மடிக்கக்கூடிய வகை பெட்டியில் இடம் பிடிக்காது.

வால்வு மோட்டார் சைக்கிள் வகையாக இருந்தால் எரிபொருள் நிலையத்திலேயே காற்று அடிக்கலாம். மெல்லிய வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள், தொலைந்துபோகிற சாமான் அது. எழுபது கிலோ ஆளுக்கு 47 மி.மீ. ரயரில் தாருக்கு 45 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரி. கிரவலில் 35 வரை இறக்குங்கள், மணலில் இன்னும் கொஞ்சம். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

ஒட்டுப் போட நிழல் தேடி வன்னியில் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கும் இடத்தில் வீதியை விட்டு ஓரடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊராரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் கிளம்புவதற்கு முதல்நாள் ரயர்ப் பற்களுக்குள் இருக்கும் மண்ணையும் விதையையும் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே விமான நிலையத்தில் மண் ஒட்டிய சைக்கிளை மறித்து வைப்பார்கள்.