எஸ்.எல்.ஆர். பரிசோதனை: ‘வலிக்குதா?’ என்று கேட்காதீர்கள், ‘எங்கே?’ என்று கேளுங்கள்

இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்குகிறது என்று ஒருவர் வந்தால், டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உறுத்துகிறதா என்று பார்க்க முதலில் செய்வது எஸ்.எல்.ஆர்., அதாவது ஸ்ட்ரெய்ட் லெக் ரெய்ஸ். முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது, அவ்வளவுதான். புதிதாகப் படிப்பவர்கள் தூக்குவதில் சறுக்குவதில்லை. அவர் ‘ஆ’ என்றதும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுவதில்தான் சறுக்குகிறார்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். வலியில்லாத காலில் தொடங்குங்கள். ஒரு கை குதிகாலுக்கு அடியில், இன்னொன்று முட்டி மடங்காதபடி அதற்குச் சற்று மேலே. “நீங்க தூக்காதீங்க, காலை எங்கிட்ட விட்டுடுங்க” என்று சொல்லுங்கள். பிறகு மெதுவாக உயர்த்துங்கள். நல்ல காலைத் தூக்கும்போதே வலிக்கிற காலில் சுரீரென்று இழுத்தால் கவனியுங்கள்: இது அரிதாகத்தான் வரும், வந்தால் டிஸ்க் மேல் சந்தேகம் நன்றாகவே வலுக்கும்.

இப்போது வலிக்கிற கால். 45 டிகிரியில் முகம் சுளிக்கிறார் என்று வையுங்கள். அங்கேயே நிறுத்தி, ஒரு விரலால் வலியைக் காட்டச் சொல்லுங்கள். தொடையின் பின்பக்கத்தைத் தேய்த்துக் காட்டி “இங்க இழுக்குது” என்றால், பெரும்பாலும் பின்தொடைத் தசையின் இறுக்கம். விரல் முட்டியைத் தாண்டி, காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல் வரை கோடு போட்டால் எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேர். பின்கெண்டை வழியாகச் சுண்டுவிரல் பக்கம் போனால் எஸ்1, அதற்கு அடுத்து கீழே உள்ள வேர். சுமார் 30 முதல் 70 டிகிரிக்குள் இப்படி வந்தால்தான் கணக்கு. 70-க்கு மேல் யாருக்கும் எதுவாவது இழுக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? வலி அடங்கும்வரை காலைக் கொஞ்சம் இறக்கி, பாதத்தை மட்டும் அவர் முகத்தை நோக்கி மடக்குங்கள். காலுக்குள் ஓடும் அதே வலி திரும்பினால் இழுபடுவது நரம்பு. இதற்குப் பிராகார்ட் என்று பெயர்.

எஸ்.எல்.ஆருக்கே லசேக் பரிசோதனை என்று ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் அதை எழுதியது 1881-இல். செர்பிய மருத்துவர் லாசா லாசரெவிச் 1880-லேயே எழுதிவிட்டார். பாவம், பெயர் லசேக்குக்குப் போய்விட்டது.

பாசிட்டிவ் என்பதாலேயே டிஸ்க் என்று முடிவுகட்ட முடியாது. நெகட்டிவ் என்பதாலேயே நரம்பில் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல முடியாது: வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்கியிருந்தால் இது பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும். பெருவிரலை மேலே தூக்கும் பலம், நுனிக்காலில் நிற்கும் பலம், கணுக்கால் அனிச்சை எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்றால் பரிசோதனையை விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

குறிப்பேட்டில் இப்படி எழுதுங்கள்: ‘இடது, 45 டிகிரி, வெளிக்கால் வழியாகப் பெருவிரல் வரை, பிராகார்ட் பாசிட்டிவ்.’ இரண்டு வாரம் கழித்து அதே கால் 60 வரை போனால், முன்னேற்றம் எவ்வளவு என்று அந்த ஒரு வரியிலிருந்தே தெரியும்.