தீபாவளிக் கிழமையில் உங்களோடு வேலை செய்பவர் கலங்கினால்

யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். தீபாவளிக் கிழமையில் வெளியே சீனவெடி போட்டவுடன் எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் மேசைக்குக் கீழே குனிந்துவிடுவார். அப்புறம் சிரித்தபடி துணி மடிப்பார், கை மட்டும் நடுங்கும். போர்க்கால நினைவுகளால் எங்கள் ஊரில் ஒக்டோபர் மாதம் கனமானது. 1987 தீபாவளி அன்று பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டொக்டர்மாரும் தாதிமாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ் நகரம் உள்ள வலிகாமப் பகுதியே போருக்குப் பயந்து இடம்பெயர்ந்தது.

கலங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, "அக்கா, இது சீனவெடிதான், நாங்கள் கடையில நிக்கிறம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்தி ஊன்றட்டும், மூச்சை நீளமாக வெளியே விடட்டும். என்ன நடந்தது என்று தோண்ட வேண்டாம். "எல்லாருக்கும்தானே நடந்தது" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் பிறகு வாயே திறக்கமாட்டார்.

அவர் சம்மதித்தால் முதலாளியிடம் பேசுங்கள்: வாசலில் நிற்காமல் உள்ளே ஸ்டோர் வேலை, இடையில் கொஞ்ச நேரம் ஓய்வு. நித்திரை கெட்டு வாரக்கணக்கில் இழுத்தால் போதனா வைத்தியசாலைக்கு, மனநல வைத்தியரிடம், கூடவே போங்கள். சாகலாம் போலிருக்கிறது என்றால் தனியே விடாமல் உடனே 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.