குழந்தையின் முதல் ஆண்டு வளர்ச்சியை நோட்டில் குறித்து வைக்கும் முறை

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது" என்பார்கள். மீதிப் பேர் "இளைத்துவிட்டதே" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் இளம் பெற்றோர் குழம்பாமலிருக்க ஒரு நோட்டுப் போதும். மன்னார்குடியில் எங்கள் மகளுக்கு அவளுடைய முதல் ஆண்டு முழுவதும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தோம். இடப்பக்கத்தில் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றையும், வலப்பக்கத்தில் அந்த மாதத்தில் அவள் புதிதாகச் செய்தவற்றையும் எழுதினோம். இது மருத்துவருக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய கணக்கு.

படி 1: வரைபடத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்

அரசு மருத்துவமனையில் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையிலேயே வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடம் என்பதால் எது உங்களுடையது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வரைபடம் உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளைக் கொண்டது. "அதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கணக்கு" என்று பெரியவர்கள் ஒதுக்கினால், பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியாவிலும் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்துதான் அது உருவாக்கப்பட்டது என்று சொல்லலாம்.

படி 2: எடை

அங்கன்வாடியிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ உள்ள குழந்தைத் தராசே போதுமானது. வீட்டுக்கென்று ஒன்று வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. பெரியவர்களுக்கான மின்னணுத் தராசில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அத்தகைய தராசுகள் பெரும்பாலும் 100 கிராம் அளவுக்குத்தான் துல்லியமாகக் காட்டும் என்பதால், இரண்டு முறை ஏறி நிற்பதில் 100 கிராம் வரை பிசகு சேர்ந்துவிடும். முதல் மூன்று மாதங்களில் அது பெரிதாகத் தெரியாது. ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு மாதம் முழுவதற்கும் கூடும் எடையே 250 கிராமுக்குள் இருக்கும்போது, அந்தப் பிசகே ஒரு நல்ல மாதத்தைக் கெட்ட மாதமாகக் காட்டிவிடும்.

துணியைக் கழற்றிவிட்டு, பால் கொடுப்பதற்கு முன்பு எடை பாருங்கள். வெள்ளி அரைஞாண், தண்டை, காப்பு ஆகியவற்றையும் கழற்ற வேண்டும். சாங்கியம் கருதிக் கழற்றக் கூடாது என்று வீட்டில் சொன்னால், ஒவ்வொரு மாதமும் அதே நகைகளோடு எடை பார்த்து, நகைகளின் எடையைக் கடையில் ஒரு முறை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கும்பகோணத்தில் பிறந்து, ஐந்தாம் மாதம் திருத்துறைப்பூண்டிக்கு வரும் குழந்தைக்கு இடையில் தராசு மாறிவிடுகிறது. எனவே ஊர் மாறும் வாரத்தில் இரண்டு ஊர்த் தராசிலும் எடை பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நோட்டின் ஓரத்தில் எழுதி, புதிய ஊரின் புள்ளிகளை வேறு நிற மையில் வையுங்கள்.

படி 3: நீளமும் தலையும்

இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். குழந்தையின் உச்சந்தலை சுவரில் படும்படி தரையில் படுக்கவைத்து ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி, உள்ளங்காலில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அந்த இடத்தில் தரையில் கோடு போட வேண்டும். குழந்தையை எடுத்த பிறகு சுவரிலிருந்து கோடு வரை அளவுங்கள். தையற்காரரின் பழைய டேப் இழுபட்டிருக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம். இரும்பு டேப் சிறந்தது. தலைச் சுற்றளவுக்கு மட்டும் வளையும் டேப் தேவை. புருவத்துக்குச் சற்று மேலேயும் பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்திலும் படும்படி சுற்றுங்கள். வைத்தீஸ்வரன் கோயிலிலோ குலதெய்வக் கோயிலிலோ முடியிறக்கிய மாதத்தில் தலை சற்றுச் சிறுத்ததுபோல் அளவு வந்தால் அஞ்ச வேண்டாம். போனது முடியின் தடிமன்தான்.

படி 4: புள்ளி வைப்பது

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. எடையைச் சரியாக எடுத்துவிட்டு வயதைத் தவறாகக் கணக்கிட்டால் வரைபடம் முழுவதும் பொய்யாகிவிடும். நம் வீடுகளில் பாட்டிமார்கள் மாதக் கணக்கைப் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டே பார்க்கிறார்கள். ரோகிணியில் பிறந்த பிள்ளைக்கு அடுத்த ரோகிணி வந்தால் ஒரு மாதம். ஆனால் சந்திரன் நட்சத்திர மண்டலத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27.3 நாள் போதும் என்பதால், ஓராண்டில் பிறந்த நட்சத்திரம் 13 முறை திரும்பி வந்துவிடும். பன்னிரண்டாம் முறை வரும்போது குழந்தைக்கு 328 நாள்தான், அதாவது பதினோரு மாதம்கூட நிறைந்திருக்காது. அன்றைய எடையைப் பன்னிரண்டாம் மாதக் கோட்டில் வைத்தால், பெண் குழந்தைக்குச் சுமார் 280 கிராம் குறைவாகத் தெரியும். ஒரு குறையுமில்லாத பிள்ளைக்கு "எடை போதவில்லை" என்று டானிக் வாங்கும் ஏற்பாடு தொடங்கிவிடும். நட்சத்திரத்தைக் கோயில் அர்ச்சனைக்கும் ஆண்டுநிறைவுக்கும் வைத்துக்கொண்டு, வரைபடத்துக்கு ஆங்கிலத் தேதியை மட்டும் பயன்படுத்துங்கள். 14ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதியே எடை பார்க்கும் நாள். ஒருநாள் தள்ளிப்போனால் பாதகமில்லை.

படி 5: கோட்டைப் படிப்பது

பிறந்த முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவதும், இரண்டாம் வாரத்துக்குள் அது திரும்பிவருவதும் இயல்பு. பிறகு வேகம் எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். பெண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.2 கிலோ, மூன்றாம் மாதம் 5.8, ஆறாம் மாதம் 7.3, ஒன்பதாம் மாதம் 8.2, பன்னிரண்டாம் மாதம் 8.9. முதல் மூன்று மாதத்தில் 2.6 கிலோ கூடிய பிள்ளைக்குக் கடைசி மூன்று மாதத்தில் 700 கிராம்தான் கூடுகிறது. தவழ்ந்து, எழுந்து, வீட்டையே அளக்கத் தொடங்கும் அந்தப் பருவத்தில்தான் "இளைத்துவிட்டது" என்ற பேச்சும் கிளம்புகிறது. ஆகவே ஒரு புள்ளி உயரமா தாழ்வா என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் அதற்கு இணையாகவே ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை நன்றாக வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சளியோ வயிற்றுப்போக்கோ வந்த மாதத்தில் கோடு படுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் எழுந்துவிட வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து படுத்தாலோ, கீழ்நோக்கி இறங்கினாலோ, வரைபடத்திலுள்ள பச்சைப் பட்டையை விட்டு அதற்குக் கீழுள்ள மஞ்சளுக்குள் போனாலோ நோட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 6: வலப்பக்கம்

இந்தப் பக்கத்துக்கு அளவுகோல் எதுவும் தேவையில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களையே தலைப்பாக வைத்துக்கொண்டோம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடியது செங்கீரையின் கீழ், கை கொட்டியது சப்பாணியின் கீழ், கேட்டதும் கன்னத்தில் எச்சிலோடு முத்தம் தந்தது முத்தத்தின் கீழ், அடியெடுத்து வந்தது வாரானையின் கீழ். நாளை மட்டும் எழுதாமல் ஊரின் நிலையையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது, சம்பா நடவு நடந்தது, அறுவடை இயந்திரத்தின் சத்தத்தில் பிள்ளை தூங்க மறுத்தது என்று எழுதிய பக்கங்களைத்தான் இப்போது அதிகம் புரட்டுகிறோம். எடைப் பக்கத்தை என் மனைவிகூடத் திறப்பதில்லை.

மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட மட்டும் இந்தப் பக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு.

பின்சேர்க்கை

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கோடு எப்போதும் கீழேயே கிடக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அத்தகைய குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து வயதை எண்ணக் கூடாது. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 32 வாரத்தில் பிறந்து இப்போது ஆறு மாதமான குழந்தையின் புள்ளி, எட்டு வாரம் கழித்து, ஏறத்தாழ நான்காம் மாதக் கோட்டில் வரும். இரண்டு வயது வரை இவ்வாறே வைக்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் இல்லை. அது பிறந்த தேதிப்படியே 6, 10, 14 வாரங்களில் போடப்படும்.

நோட்டை இரண்டாம் பிறந்தநாளுக்கு அப்பாலும் தொடர்கிறவர்கள், நிற்கவைத்து அளக்கும்போது படுக்கவைத்த அளவைவிட 0.7 செ.மீ. வரை குறைந்து வரும் என்பதை அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.